குன்னூர் எலிகளும் கிண்டி கேன்டீன்களும்

(கிண்டியில் பொதுமக்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடலையும் மூளையையும் சேர்த்துப் பேசுவதற்குக் கிண்டியை விடப் பொருத்தமான இடம் சென்னையில் இல்லை. 1899-இல் பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காகத் தொடங்கிய கிங் நிலையம் இங்கேதான் இருக்கிறது. நுண்ணுயிர் என்றாலே நோய், அதை ஒழிப்பதுதான் மருத்துவம் என்று உலகம் நம்பிய காலத்தில் பிறந்த நிலையம். அந்த வளாகத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மருத்துவ மையமும் அங்கே திறக்கப்பட்டது. நுண்ணுயிர், உணவு, வயதாகும்போது தளர்ந்துபோகும் நினைவு, இந்த மூன்றையும் பற்றிய அக்கறை ஒரே மதிலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

மதிலுக்கு வெளியே 1958-இல் உருவான தொழிற்பேட்டை. அதைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் அலுவலகங்கள். காலை ஷிஃப்டு, இரவு ஷிஃப்டு என்று பல்லாயிரம் பேர் இங்கே வந்துபோகிறார்கள். அவர்கள் சாப்பிடுவது என்ன என்று பார்க்க எந்த ஆய்வும் தேவையில்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டேஷன் பக்கம் நடந்தால் போதும். டீ, பிஸ்கட், பஜ்ஜி, பப்ஸ். ராத்திரி ஆனால் பரோட்டா, ஃபிரைட் ரைஸ், கூடவே ஒரு குளிர்பானம். அந்தச் சாப்பாட்டை வண்டியில் கொண்டுவந்து கொடுக்கும் பையன் கத்திப்பாரா பாலத்தடியில் நின்றுகொண்டு சாப்பிடுவதும் ஒரு பாக்கெட் பிஸ்கட்தான்.

நான் குடல் மருத்துவம் பார்ப்பவள். நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம், காலையில் சரியாகப் போவதில்லை என்று முப்பது வயதுக்காரர்கள் வருகிறார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அடுத்தது வரும்: “தூக்கமே இல்ல டாக்டர். எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. சும்மா சும்மா எரிச்சல் வருது.” இதை என்னிடம் சொல்லத் தயங்குவார்கள், வயிற்று டாக்டரிடம் மனசைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று. சொல்லத்தான் வேண்டும்.

இன்று ஒரே ஒரு விஷயத்தை உங்கள் மனதில் பதியவைக்க வந்திருக்கிறேன். மோசமான உணவு, அந்த உணவை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய மூளையையே பலவீனமாக்குகிறது. அப்படியிருக்க, “வாயைக் கட்டு” என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. சாப்பாடு கிடைக்கும் இடத்தை மாற்றியாக வேண்டும்.

உணவையும் மூளையையும் இணைக்கும் இந்த அறிவின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் நீலகிரியில் எழுதப்பட்டது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒற்றை அறை ஆய்வுக்கூடத்தில், ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்று பெயர் பெற்று, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

பெரிபெரி ஒரு நரம்பு நோய். காலில் மதமதப்பு தொடங்கி, நடை தள்ளாடி, இதயம் வரை போகும். முற்றினால் நினைவையும் குலைக்கும். காரணம், மில்லில் பளபளவென்று தீட்டிய பச்சரிசி. தவிட்டோடும் முளையோடும் தயமின் என்ற வைட்டமின் போய்விடுகிறது. மதராஸ் மாகாணத்தின் வடக்குக் கடலோர மாவட்டங்களில் இந்த நோய் நிலைகொண்டிருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தயமின் தவிட்டிலிருந்து மணிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. ஒரு தானியத்தைப் பதப்படுத்தும் முறை மனிதனின் நரம்பைத் தொடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மெக்காரிசன் பெரிபெரியோடு நிற்கவில்லை. குன்னூரில் ஆரோக்கியமான குரங்குகளுக்குச் சத்து நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்தார். வயிறும் பெருங்குடலும் புண்ணாயின. நல்ல உணவு பெற்ற குரங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1921-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவின் பொருளே, குறைபட்ட உணவு குடலை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான்.

பிறகு எலிகள். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை, கேரட் அடங்கிய பஞ்சாபிச் சீக்கியர் உணவு முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய மதராஸி உணவு கடைசி இடம். இந்தத் தரவரிசையை நான் அப்படியே ஏற்கவில்லை. படைக்கு ஆள் சேர்க்கும் ஆங்கிலேயர் கண்ணோட்டம் அதில் இருக்கிறது. கம்பும் கேழ்வரகும் மொச்சையும் முருங்கைக்கீரையும் சாப்பிட்ட தமிழர் வீடுகள் அந்தக் கூண்டில் இல்லை. ஆனால் மில் அரிசி மட்டுமே கிடைத்த ஏழையின் தட்டை அவர் சரியாகவே பார்த்தார்.

அவருடைய இன்னொரு சோதனைதான் என்னை விடாமல் தொடர்கிறது. அன்றைய இங்கிலாந்து ஏழைகளின் உணவு: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த காய், டப்பா இறைச்சி, மட்டமான ஜாம். இதைத் தின்ற எலிகள் வளர்த்தி குன்றின. நுரையீரலும் குடலும் நோயுற்றன. அதோடு குணமும் மாறியது. பதற்றத்தோடு திரிந்தன, பராமரிக்க வந்தவர்களைக் கடித்தன, ஒன்றோடொன்று ஒத்துவாழ முடியாமல் கடைசியில் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. நல்ல உணவு பெற்ற எலிகளோ பக்கத்துக் கூண்டில் அமைதியாக வாழ்ந்தன. மனிதன் எலி இல்லைதான். ஆனால் குடல் நோயையும் குண மாற்றத்தையும் ஒரே கூண்டில், ஒரே உணவின் விளைவாக, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மலையில் ஒருவர் பார்த்து எழுதிவைத்தார். ஏன் அப்படி நடந்தது என்பதை விளக்கும் கருவிகள்தான் அன்று அவரிடம் இல்லை.

அந்த விளக்கத்தின் ஒரு துண்டு வேலூரில் கிடைத்தது. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்து உண்டு. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அந்த அமிலங்கள் குடலைத் தூண்டி உப்பையும் நீரையும் உறிஞ்சவைக்கும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு இதைக் காலரா நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்தது. வழக்கமான உப்புக் கரைசலோடு இந்த மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு சீக்கிரமே நின்றது. 48 நோயாளிகளிடம் செய்த ஆய்வு, 2000-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. நுண்ணுயிரை எதிரியாக மட்டும் பார்த்த மருத்துவம், அதே நுண்ணுயிருக்குச் சோறு போட்டு நோயாளியைக் காப்பாற்றிய தருணம் அது. மருத்துவ மாணவர்களுக்கு நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத ஆய்வு.

அந்த அமிலங்களில் பியூட்டிரேட் என்று ஒன்று. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுதான். நாம் சாப்பிடும் கீரை, பயறு, வாழைத்தண்டு, தவிடு நீக்காத தானியம், இவற்றின் நாரிலிருந்து பாக்டீரியாக்கள் அதைச் செய்துகொடுக்கின்றன. நாரே வராவிட்டால்? 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு எலிகளில் பார்த்தது: பசித்த பாக்டீரியாக்கள் குடலின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தால் கிருமிகள் சுவரை நெருங்கும், அழற்சி கிளம்பும். ஐஸ்கிரீமும் சாஸும் திரியாமல் இருக்கச் சேர்க்கும் சில குழம்பாக்கிப் பொருள்களும் எலிகளின் குடலில் இதே வேலையைச் செய்தன என்று 2015-இல் வேறொரு ஆய்வு காட்டியது.

குடலில் கிளம்பிய அழற்சி குடலோடு நிற்பதில்லை, ரத்தம் அதன் சேதியை மூளைக்கும் கொண்டுபோகிறது. இன்னொரு பாதை நரம்பு. குடல் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம், கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. மூளை கட்டளையிட குடல் கீழ்ப்படிகிறது என்றுதான் நாம் நினைத்திருந்தோம், உண்மையில் குடல் சொல்வதைத்தான் மூளை அதிகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. செரோட்டோனின் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடலின் செரோட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் அது நேராக மூளைக்குள் போய் நம்மை மகிழ்விக்கிறது என்று காணொளிகளில் சொல்வது தவறு. மூளையைச் சுற்றியுள்ள தடுப்பை அது தாண்டாது. அது தூண்டுவது குடலின் அசைவையும் வேகஸ் நரம்பின் நுனிகளையும்.

இப்போது என் மையமான விஷயத்துக்கு வருகிறேன். சிட்னியில் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில், ஒல்லியான, ஆரோக்கியமான, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மாணவர்கள் நூறுக்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு ஒரே ஒரு வாரம் துரித உணவும் இனிப்பு வாஃபிளும். வாரக் கடைசியில் அவர்களுடைய கற்றலும் நினைவாற்றலும் சற்றுக் குறைந்திருந்தன. அதைவிடக் கவலை தந்தது இன்னொன்று. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் தின்பண்டத்தைப் பார்த்தால் வேண்டும் என்று தோன்றியது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நினைவைச் சேமிக்கிறது, “போதும், சாப்பிட்டாயிற்று” என்று நினைவூட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்தப் பகுதியின் பிடி தளர்ந்திருந்தது. 2020-இல் வெளியான ஆய்வு இது. ஒரு வாரத்தில் இவ்வளவு என்றால், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதே சாப்பாடு என்று இருக்கிற பிள்ளையை “உனக்குக் கட்டுப்பாடே இல்லை” என்று திட்ட நமக்கு என்ன உரிமை?

2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் செய்த சோதனையையும் சேர்த்துப் பாருங்கள். 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு வந்தபோது அதே மனிதர்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை கூடினார்கள். அவர்களுடைய மன உறுதி அந்த இரண்டு வாரத்தில் மட்டும் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தட்டு மாறியது, அவ்வளவுதான்.

நடுவயதைத் தாண்டினால் விலை இன்னும் கூடுகிறது. பிரேசிலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கலோரியில் 20 சதவீதத்துக்கு மேல் இத்தகைய ஆலை உணவிலிருந்து பெற்றவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிட 28 சதவீதம் வேகமாகச் சரிந்தது. நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. சென்னைவாசிகளின் கலோரியில் பாதிக்கு நெருக்கமான பங்கு தீட்டிய தானியத்திலிருந்து வருகிறது என்று டாக்டர் வி. மோகன் குழுவின் சென்னை ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. மறதி நோய்க்கான, தடுக்கக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டபோது சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உடல் பருமனும் அதில் இருந்தன. கிங் வளாகத்து முதியோர் மருத்துவமனைக்கு நாளை யார் போய்ச் சேரப்போகிறார்கள் என்பதில் இன்று சாயங்கால டீக்கடைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பயமுறுத்தவே வந்தேன் என்று நினைக்காதீர்கள். மாற்றம் வேகமாகவே நடக்கிறது. மெக்காரிசன் பேசிய அதே பிட்ஸ்பர்க்கில் 2015-இல் ஓர் ஆய்வு. அந்நகரின் கறுப்பின மக்கள் 20 பேருக்குத் தென்னாப்பிரிக்கக் கிராமத்து உணவு, அந்தக் கிராமத்தார் 20 பேருக்கு அமெரிக்க உணவு, இரண்டே வாரம். நார் மிகுந்த உணவுக்கு மாறியவர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கு ஆனது, அழற்சி தணிந்தது. அமெரிக்க உணவுக்கு மாறிய கிராமத்தாருக்கு நேர் எதிராக நடந்தது. மனச்சோர்விலும் உணவு மாற்றம் உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2017-இல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா 67 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், 12 வாரம் உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் சோர்விலிருந்து மீண்டார்கள். ஆறுதல் பேச்சுத் துணை மட்டும் பெற்றவர்களில் மீண்டவர்கள் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் புறக்கணிக்க முடியாதது.

இரவு ஷிஃப்டுக்காரர்களுக்கு ஒன்று. 2022-இல் பாஸ்டனில் 19 பேரை இரவு வேலை செய்பவர்களைப் போலவே வாழவைத்துப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் 26 சதவீதம் கூடின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களிடம் கூடவில்லை. முடிந்தவரை வேலைக்குக் கிளம்பும் முன் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். நடு இரவில் சுண்டலோ மோரோ போதும்.

பழைய சோற்றைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பீர்கள். வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகைக்கு மாறுகிறது. வேலூரில் மருந்தாகக் கொடுத்ததன் உறவு அது. இரவெல்லாம் நீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. குடல் அழற்சி நோயாளிகளுக்கு இது உதவுமா என்று ஸ்டான்லி அரசு மருத்துவமனை அரசு நிதியோடு ஆய்வை எடுத்துக்கொண்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இட்லி மாவும் புளிக்கிறது, ஆனால் ஆவியில் வேகும்போது பாக்டீரியாக்கள் இறந்துவிடும். உயிரோடு உள்ளே போவது தயிரிலும் மோரிலும் பழைய சோற்றிலும்தான். 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் புளித்த உணவைப் பத்து வாரம் கூட்டிச் சாப்பிட்டவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகின, அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. அதற்கு விலையுயர்ந்த பாட்டில் பானம் தேவையில்லை, வீட்டுத் தயிர் போதும். சிறுதானியம் என்று எழுதிச் சர்க்கரை கொட்டிய பிஸ்கட்டையும் நம்பாதீர்கள்.

இனி, சாப்பாடு கிடைக்கும் இடத்தைப் பற்றி. கிண்டிப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு வரும் மாதிரியில் கலப்படமா, தடைசெய்த சாயமா என்று பார்க்கிறார்கள். மிக அவசியமான வேலை. ஆனால் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானம் அங்கே தேறிவிடும், சட்டப்படி அதில் குற்றம் இல்லை. நாளுக்கு நாள் மெதுவாகக் கெடுப்பதைப் பிடிக்கும் சட்டம் நம்மிடம் குறைவு. பள்ளிக்கு 2020-இல் ஒரு விதி வந்தது: கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. அலுவலகத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது, அதன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்கலாம் என்றது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக்கியிருக்கிறது. அந்தக் கேன்டீன் குழுவில் யாராவது உட்கார்ந்திருக்கிறீர்களா? சம்பளம், போனஸ் போலவே சாப்பாட்டையும் பேசுங்கள். சாயங்கால பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், மதியம் ஒரு பொரியலாவது கட்டாயம், எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது, குடிக்க மோர். இவற்றால் எந்த நிறுவனமும் திவாலாகாது.

தொழிற்பேட்டையில் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகள்தான் அதிகம், அங்கே எந்தச் சட்டமும் கேன்டீன் வைக்கச் சொல்வதில்லை. அவர்களுக்கு அரசுதான் துணை, அரசுக்கு அது முடியும் என்பதும் தெரிந்ததுதான். 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட ஊர் இது. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் தயிர் சாதம் 3 ரூபாய்க்குக் கிடைத்தது. அதோடு ஒரு கீரையும் பயறும் சேரட்டும், இரவிலும் திறந்திருக்கட்டும் என்று கேட்போம். 2023-இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்கு ஈடாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மெக்காரிசனின் கூண்டுகள் இருந்த அதே மாவட்டம் நீலகிரி. சென்னை ரேஷன் கடைக்கும் அது வர வேண்டும்.

முடிப்பதற்கு முன் மருத்துவராகச் சில எச்சரிக்கைகள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். உணவு மருந்தோடு சேர்ந்துதான் வேலை செய்யும். நாரை ஒரே நாளில் அள்ளிப்போட்டால் வயிறு உப்பும், இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் குடல் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களும் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி இருந்தால் மோர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.